விழித்துக்கொள்ளத் தெரிந்த தூக்கம்

1980களில் நியூசிலாந்தில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் ஏறக்குறைய நான்கு, முதல் பிறந்தநாளைக் காணாமல் தூக்கத்திலேயே இறந்துபோயின. காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. இரவு பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை காலையில் எழவில்லை. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் அகப்படவில்லை. தொட்டில் மரணம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மருத்துவமனைகள் உள்ள நாடு, பாலுக்கும் இறைச்சிக்கும் குறைவில்லாத நாடு. ஆனாலும் வசதி படைத்த நாடுகளிலேயே தொட்டில் மரணம் மிக அதிகமாக நடந்தது அங்கேதான். ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தத் துயரம் நடந்தது. எதனால் என்று தெரியாததால் ஒவ்வொரு தாயும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வாழ்ந்தாள்.

அதே நாட்டிலிருந்துதான், ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் குழந்தைநல மருத்துவர் எட் மிட்செல் தலைமையில் நடந்த ஓர் ஆய்விலிருந்து, உலகம் முழுவதும் குழந்தைகளைப் படுக்க வைக்கும் முறையையே மாற்றிய விடை வந்தது. மருந்தில்லாமல், கருவியில்லாமல் இத்தனை குழந்தைகளின் உயிரைக் காத்த கண்டுபிடிப்பு மருத்துவ வரலாற்றில் அதிகம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். இன்று ஆக்லாந்தின் சாண்ட்ரிங்கத்திலும் மவுண்ட் ராஸ்கிலிலும் பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து வந்திறங்கும் நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் அங்குள்ள நர்ஸ் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அந்த ஆய்வின் கதை இருக்கிறது. கதை தெரிந்தால் விதி கசக்காது.

மிட்செல், டனீடினில் பாரி டெய்லர், கிறைஸ்ட்சர்ச்சில் ராட்னி ஃபோர்ட், தொற்றுநோயியல் அறிஞர் ராபர்ட் ஸ்கிராக் உள்ளிட்ட குழு 1987 நவம்பரில் வேலையைத் தொடங்கியது. மூன்று ஆண்டுத் திட்டம். நாட்டின் பிறப்புகளில் 78 விழுக்காடு நடக்கும் பகுதிகள் அதில் அடங்கின. முறை எளியது, ஆனால் அதை நடத்த நெஞ்சுறுதி வேண்டும். ஒரு குழந்தை இறந்தால் சில வாரங்களுக்குள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியாகத் தூங்க வைத்தபோது எப்படிப் படுக்க வைத்தீர்கள், என்ன போர்த்தினீர்கள், அறையில் யார் இருந்தார்கள், வீட்டில் யாராவது புகைப்பார்களா, தாய்ப்பால் கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். பிறகு, உயிரோடு நலமாக இருக்கும் அதே வயதுக் குழந்தைகளைப் பிறப்புப் பதிவிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாளும் வேளையும் குறித்துக்கொடுத்து, அந்தத் தூக்கத்தைப் பற்றியே கேட்டார்கள்.

இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு மதிப்பில்லை. இறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை குப்புறப் படுத்திருந்தன என்பது மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாததற்குச் சமம். ஏனென்றால் அந்தக் காலத்தில் நியூசிலாந்தில் உயிரோடிருந்த குழந்தைகளிலும் பத்தில் நான்கு குப்புறத்தான் தூங்கின. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் விடை ஒளிந்திருந்தது. மூன்றாண்டு முடிவில் 393 இறந்த குழந்தைகளின் பெற்றோரும் 1,592 உயிருள்ள குழந்தைகளின் பெற்றோரும் பேசியிருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களில் ஐந்தில் நான்கு கதவைத் திறந்து, உட்கார வைத்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லின. அந்தப் பதில்களால் முதலில் பிழைத்த குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

மூன்றாண்டுக் கணக்கு முழுவதையும் அலசி முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் ஆண்டுக் கணக்கிலேயே மூன்று விஷயங்கள் பளிச்சென்று தெரிந்துவிட்டன: குப்புறப் படுக்க வைத்தல், தாய் புகைத்தல், தாய்ப்பால் இல்லாமை. மூன்றும் சேர்ந்து 79 விழுக்காடு மரணங்களுக்குப் பொறுப்பாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 1991 பிப்ரவரியில் நியூசிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கியது. குப்புறத் தூங்கும் குழந்தைகளின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போனது. தொட்டில் மரணம் மிகச் சில ஆண்டுகளில் பாதியானது.

ஆரோக்கியமான குழந்தையைக் குப்புறப் போட வேண்டும் என்று முதலில் யார் சொன்னார்கள்? மருத்துவர்கள்தான். குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடந்தால் நன்றாக மூச்சு விடுவதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்தார்கள். அது அங்கே, கருவிகளும் செவிலியரும் கண்காணிக்கும் இடத்தில், உண்மைதான். அந்த வழக்கம் மெல்ல வீட்டுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் விற்ற டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் நடுவிலிருந்து அதையே சொன்னது: மல்லாந்து தூங்கும் குழந்தை எதுக்களித்தால் புரையேறிவிடும் என்ற நல்லெண்ணம். 1970 வரை வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தாலே ஆபத்து தெரிந்திருக்கும், அப்போதே அறிவுரையை மாற்றியிருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முழுவதும் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கும் என்று 2005இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த எண்ணை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடிகிறது.

புரையேறும் பயம் நம் வீடுகளிலும் உண்டு. அதனால் உடலமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள்: முன்னால் மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். குழந்தை மல்லாந்து கிடந்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போவதென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். விழுங்கும் அனிச்சையும் இருமலும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. குழந்தையைக் குப்புறப் போட்டால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். மூச்சுக்குழாயின் வாசல் கீழே வர, பால் அங்கேதான் வந்து தேங்கும். மல்லாக்கப் போடச் சொன்ன பிறகு புரையேறி இறக்கும் குழந்தைகள் அதிகமாகவில்லை.

இனி இதன் மையமான விஷயத்துக்கு வருகிறேன். குப்புறப் படுத்தால் ஏன் ஆபத்து? முகம் மெத்தையில் புதைந்தால், விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கிறது. கரியமில வாயு சேர்கிறது. உடல் சூடு வெளியேறும் வழியும் குறைகிறது. ஆனால் எத்தனையோ குழந்தைகள் இப்படிக் கிடந்தும் பிழைத்துக்கொள்கின்றன. காரணம், காற்று குறைந்ததும் மூளைத்தண்டு அபாயத்தை உணர்கிறது. பெருமூச்சு வருகிறது, உடல் திடுக்கிடுகிறது, தலை திரும்புகிறது, கடைசியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. தூங்கும் குழந்தையைக் காப்பது இந்த விழிப்பு. தொட்டில் மரணத்தில் நடப்பது, பெரும்பாலும், இந்த விழிப்பு வராமல் போவதுதான்.

போஸ்டனின் நரம்பு நோயியல் அறிஞர் ஹன்னா கின்னி, இப்படி இறந்த குழந்தைகளில் பலருக்கு மூளைத்தண்டில் செரடோனின் அமைப்பு குறைபட்டிருந்ததைக் கண்டார். மூச்சையும் சூட்டையும் விழிப்பையும் ஆளும் அமைப்பு அது. 1994இல் அவரும் சக ஆய்வாளர் ஃபிலியானோவும் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது: வெளியே தெரியாத பலவீனம் ஒன்று, வளர்ச்சியின் இக்கட்டான மாதங்கள், வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி, மூன்றும் ஒரே இரவில் கூடும்போது உயிர் போகிறது. இக்கட்டான மாதங்கள் என்பது முதல் ஆறு மாதங்கள், அதிலும் இரண்டிலிருந்து நான்கு வரை. பிறவியோடு வந்த அனிச்சைகள் மங்கத் தொடங்கும், தானாக அசையும் திறமை இன்னும் கைவராத இடைவெளி அது. எந்தக் குழந்தைக்கு அந்தப் பலவீனம் இருக்கிறது என்று இன்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது ஒன்றுதான், அந்த வெளி நெருக்கடி.

இப்படிப் பார்த்தால் மிட்செல் குழு கண்டவை எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொள்கின்றன. குப்புறத் தூங்கும் குழந்தையை எழுப்ப அதிகத் தூண்டுதல் வேண்டும் என்று மெல்பர்னில் ஆய்வாளர் ரோஸ்மேரி ஹார்ன் அளந்து காட்டினார். கருவிலேயே சிகரெட் புகையின் நிகோடினுக்கு ஆளான குழந்தைக்கு விழிப்பு மந்தமாகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இரண்டு மூன்று மாத வயதில் எளிதில் விழித்துக்கொள்கிறது. நள்ளிரவில் இரண்டு முறை எழுந்து அழும் பிள்ளையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் விடிய விடியத் தூங்குகிறதே என்று ஏங்கும் இளம் தாய்க்கு இதை யாராவது சொல்ல வேண்டும்: அந்த மாதங்களில் அடித்துப் போட்டாற்போல் தூங்கும் தூக்கம் நல்ல தூக்கம் அல்ல. குப்புறப் போட்டால் குழந்தை நெடுநேரம் அசையாமல் தூங்கும் என்று அன்றைய தாய்மார் சொன்னது நிஜம். அந்த நிஜத்துக்குள்தான் ஆபத்து இருந்தது.

நியூசிலாந்தின் விடை பிரிட்டனுக்குப் போன விதமும் சொல்லத்தக்கது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்டின் மகன் செபாஸ்டியன் 1991 ஜூலையில் தொட்டிலில் இறந்தான். நியூசிலாந்தில் இறப்புகள் சரிவதைக் கேள்விப்பட்ட அவர் நேரே அங்கே பறந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, பிரிட்டிஷ் அரசை விடாமல் வற்புறுத்தினார். பிரிஸ்டலில் குழந்தைநல மருத்துவர் பீட்டர் ஃபிளெமிங்கும் அதே முடிவுக்கு வந்திருந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரச்சாரம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இறப்புகள் ஏறக்குறைய பாதியாயின. அமெரிக்கா 1994இல் பிரச்சாரத்தில் இறங்கியது.

ஆக்லாந்திலேயே வேறொரு விளக்கத்துக்கும் குரல் எழுந்தது. ஜிம் ஸ்ப்ராட் என்ற வேதியியலாளர், மெத்தையில் வளரும் பூஞ்சை நச்சு வாயுவை உண்டாக்கிக் குழந்தையைக் கொல்கிறது, மெத்தையைப் பாலித்தீனால் மூடினால் போதும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். ஆர்தர் ஆலன் தாமஸ் என்ற விவசாயியின் மேல் சுமத்தப்பட்ட கொலைப்பழியைத் துடைக்கத் தடயவியல் ஆதாரம் தேடித் தந்தவர் என்பதால் நாட்டில் அவருக்கு மதிப்பு இருந்தது. பிரிட்டனில் வல்லுநர் குழு ஒன்று அந்த வாயுக் கருத்தை ஆராய்ந்து, ஆதாரமில்லை என்று 1998இல் அறிக்கை தந்தது. நாணயமான மனிதர் சொல்கிறார் என்பது ஒரு கருத்தைக் கேட்கப் போதுமான காரணம். நம்புவதற்கு, உயிருள்ள குழந்தைகளின் வீட்டிலும் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு மிகவும் பக்கத்தில் வரும் கண்டுபிடிப்பு ஒன்று அந்த ஆய்வில் உண்டு. பெரியவர் ஒருவர் அதே அறையில் தூங்கினால் குழந்தைக்கு ஆபத்து குறைகிறது என்று 1996இல் ஸ்கிராக்கும் மிட்செலும் காட்டினார்கள். அண்ணன் அக்கா தூங்கினால் அந்தப் பலன் இல்லை; பெரியவர்தான் வேண்டும். குழந்தைக்கென்று தனி அறையைச் சுவருக்கு வண்ணம் பூசித் தயாராக்கும் நாட்டுக்கு இது புதுச் செய்தி. நமக்கு அது பழைய வழக்கம். மல்லாக்கப் போடுவதும் அப்படித்தான். சீனக் குடும்பங்கள் வழிவழியாகக் குழந்தையை மல்லாக்கப் போட்ட ஹாங்காங்கில் தொட்டில் மரணம் மிக அரிது என்று 1985இலேயே டேவிஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதியிருந்தார். பிரிட்டனின் தெற்காசியக் குடும்பங்களிலும், தாயின் பக்கத்திலேயே படுத்த குழந்தைகளிடம், இறப்பு குறைவாகத்தான் இருந்தது. அந்தத் தாய்மார் பெரும்பாலும் புகைப்பதில்லை.

புகைதான் இங்கே முடிச்சு. தாயும் பிள்ளையும் ஒரே படுக்கையில் தூங்குவதும், தாய் புகைப்பதும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது என்று அதே குழு 1993இல் கண்டது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்களிடையே புகைப்பழக்கம் அதிகமாக இருந்தது; குழந்தையை அணைத்துத் தூங்குவதோ அவர்களின் நெடுங்காலப் பண்பாடு. 1991க்குப் பிறகு நாடெங்கும் இறப்பு சரிந்தபோது மாவோரிக் குடும்பங்களில் அதே வேகத்தில் சரியவில்லை. பிள்ளையைத் தனியே போடு என்று சுவரொட்டி சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்கு நியாயமும் இருந்தது.

மாவோரி மருத்துவர் டேவிட் டிபெனே-லீச் வேறு வழி தேடினார். 2006இல் கிஸ்போர்னில் நெசவாளர்களோடு சேர்ந்து, ஹரகெகே என்னும் நியூசிலாந்து நார்ச்செடியின் இலைகளால் பின்னிய வஹாகுரா என்ற சிறு கூடைப் படுக்கையை உருவாக்கினார்கள். அடி தட்டையானது, சுற்றிலும் தாழ்வான விளிம்பு. அதைப் பெற்றோரின் படுக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம். தாயின் கை எட்டும் தூரத்தில் குழந்தை. ஆனால் தலையணையும் போர்வையும் பெரியவர் உடலும் அதன் மேல் வராது. 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் வீடிழந்து கிடைத்த இடத்தில் குடும்பங்கள் நெருக்கியடித்துத் தூங்கியபோது, ஸ்டெஃபனி கோவன் என்பவர் அதே எண்ணத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் செய்து பெப்பி-பாட் என்று விநியோகித்தார். 2009க்கும் 2015க்கும் இடையில், பிறந்து முதல் வாரம் தாண்டிய குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 2.8இலிருந்து 2.0ஆகக் குறைந்தது, மாவோரிக் குழந்தைகளிடம்தான் சரிவு அதிகம். வஹாகுராவைச் சாதாரணத் தொட்டிலோடு ஒப்பிட்டு 200 தாய்மாரிடம் நடத்திய சோதனையில் இரண்டும் ஒரே அளவு பாதுகாப்பாக இருந்தன. கூடுதலாக ஒன்று தெரிந்தது: ஆறு மாதத்தில் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர்கள், வஹாகுரா பெற்றவர்களிடையே இரண்டு மடங்கு. ஒரு சமூகத்தின் வழக்கத்தைத் தடை செய்யாமல் அதற்குள்ளேயே பாதுகாப்பை நெய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம் வழக்கத்தையும் அதே கண்ணோடு பார்க்கலாம். ஊரில் குழந்தை தாயின் பக்கத்தில் கிடந்தது பாயில். கெட்டியான தரை, மெல்லிய பருத்திச் சேலை, சன்னலில் காற்று. ஆக்லாந்தில் அதே தாயும் பிள்ளையும் கிடப்பது உள்வாங்கும் மெத்தையில்; மேலே டூவே என்னும் கனத்த போர்வை, இருபுறமும் தலையணை, பக்கத்தில் வேலை முடித்துக் களைத்துத் தூங்கும் அப்பா. வழக்கம் கடல் தாண்டி வந்துவிட்டது, அதைப் பாதுகாப்பாக வைத்திருந்த பாய் வரவில்லை. ஆகவே அறை ஒன்றாக இருக்கட்டும், படுக்கை தனியாக இருக்கட்டும்: பெரியவர் கட்டிலை ஒட்டிய குழந்தைக் கட்டில், கெட்டியான மெத்தை, அதில் இறுக்கமாக மாட்டிய விரிப்பு, வேறொன்றும் வேண்டாம். நள்ளிரவில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண்ணயர்வது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. குழந்தை இடுக்கில் சரிந்துவிடும்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். பகலில் விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தையைச் சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் பின்தலை தட்டையாகாமலும் இருக்கும், கழுத்தும் உறுதிப்படும். குளிருக்குப் பயந்து குல்லாவும் கையுறையும் போட்டு மூன்று கம்பளியில் சுற்றும் பழக்கத்தைப் பாட்டிகள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் குழந்தை தன் சூட்டை வெளியேற்றும் பெரிய வழி தலைதான். அறை 20 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால், வீட்டுக்குள் தூங்கும்போது தலை திறந்திருக்கட்டும். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பார்த்தால் போதும்: வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

தூளியைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. நாம் எல்லோரும் அதில் தூங்கி வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தார் ஏணை என்பதும் இதுதான். ஆக்லாந்தின் வாடகை வீட்டுக் கூரையில் கொக்கி இராது, ஸ்டாண்டில் ஸ்பிரிங் மாட்டி ஆட்டுகிறார்கள். இங்கே ஆக்லாந்தின் இன்னொரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: டாக்டர் ஷெர்லி டோங்கின். தொட்டில் மரணத்தில் குழந்தையின் மேல் மூச்சுப்பாதை அடைபடலாம் என்று 1975லேயே எழுதியவர் அவர். பச்சிளம் குழந்தையின் தாடை தளர்ந்தது, பின்தலை துருத்திக்கொண்டிருக்கும், தலை இன்னும் நிற்காது. வளைந்த இருக்கையில் தலை முன்னே கவிழ்ந்து மோவாய் மார்பில் முட்டினால், தாடை பின்னால் தள்ளப்பட்டு, நாக்கு மூச்சுப்பாதையை நெருக்குகிறது. காரில் குழந்தையை வைக்கும் கேப்சூல் இருக்கைகளில் இப்படி மூச்சுத் திணறி நீலம் பாய்ந்த ஒன்பது குழந்தைகளைப் பற்றி அவரும் ஆக்லாந்துச் சகாக்களும் 2006இல் எழுதினார்கள். தலை பின்னே சாய இடம் தரும் பஞ்சுத் திண்டு ஒன்றையும் உருவாக்கினார்கள். காரில் போகும்போது கேப்சூல் கட்டாயம் வேண்டும். வீடு வந்ததும் குழந்தை தூங்குகிறதே என்று அப்படியே வரவேற்பறையில் விட்டுவைக்காமல் எடுத்துக் குழந்தைக் கட்டிலில் போட வேண்டும்.

தூளியின் வளைவும் அதே வளைவுதான். துணி முகத்தின் இருபக்கமும் நெருங்குகிறது, முதுகு வளைகிறது, மோவாய் மார்பை நோக்கி இறங்குகிறது. தலை நிற்காத மாதங்களில் அதைத் தூக்கத்தின் இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அழும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று ஆட்டி, தாலாட்டுப் பாடி அமர்த்தலாம். கண் சொருகியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றி, மல்லாக்கப் போட வேண்டும். ஒருக்களித்துப் போடுவதும் வேண்டாம். அதிலிருந்து குப்புறச் சரிவது சுலபம்.

நான்கைந்து மாதத்தில் பிள்ளை தானாகக் குப்புற விழும். நம் வீடுகளில் அது கொண்டாட்டம். பல தாய்மாருக்கு அந்த வாரமே இரவுத் தூக்கம் போய்விடுகிறது. புரட்டிப் போட்டால் மீண்டும் கவிழ்கிறது, என்ன செய்வது என்று மருத்துவச்சியிடமும் குழந்தைநலம் பார்க்கும் பிளங்கெட் அமைப்பின் நர்ஸிடமும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மல்லாக்கவே தூங்க வைக்க வேண்டும். இரு பக்கமும் தானே புரளத் தெரிந்துவிட்ட குழந்தை, பிறகு தூக்கத்தில் எப்படித் திரும்பினாலும் அப்படியே விட்டுவிடலாம். விடிய விடிய உட்கார்ந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. தலையைத் தூக்கி மூக்கை விடுவித்துக்கொள்ளும் வலு அதற்கு வந்துவிட்டது.